இரண்டாம் தடவை சொல்லாதவர்

அவர் பெயரை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எந்தப் பெயரை எழுதுவது என்பதில்தான் சிக்கல். எங்கள் இன்னிசைக் குழுவின் போஸ்டரில் வருஷத்துக்கு நாலு பெயர் மாற்றிக்கொண்டவர் அவர். சித்திரையில் ஒரு பெயர் இருக்கும். ஆவணிக் கல்யாணங்களுக்குள் அதன் முன்னால் இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். பொங்கலுக்குள் எல்லாம் போய் வேறு ஒன்று வந்திருக்கும். போஸ்டர் அடிக்கும் பிரஸ்காரர், "இந்தாளுக்கு மட்டும் எடத்தைக் காலியா விட்டுத் தாரேன், நீங்களே பேனாவுல எழுதிக்கங்கய்யா" என்று கும்பிடு போட்டுவிட்டார். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி மேடையில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் அண்ணன். அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் குழுவுக்கு நான்தான் பெண் குரல். விளாங்குடியிலிருந்து டவுன் பஸ் பிடித்து மதுரை கோரிப்பாளையத்தில் இறங்கி, ஒரு சைக்கிள் கடை மாடிக்கு ஒத்திகைக்குப் போவேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம் எங்களுடையது. பெண்பிள்ளை மேடை ஏறுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யாராவது வந்து, "ஒங்க பொண்ணு பாடுனா ரெக்கார்டு கேட்ட மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூட இறங்கும். எனக்கும் அதுதான் பெருமை. எந்த வரியில் மூச்சு வாங்குகிறார்கள், எந்த எழுத்தில் லேசாகத் தொண்டை கரகரக்கிறது என்பதுவரை பிடித்து வைத்திருப்பேன். ஒரு தடவை கேட்டால் மனதில் அச்சடித்தாற்போல் நின்றுவிடும். பத்து வருஷம் பாடியும் ஒரு பாட்டிலும் ஒரு சங்கதியைக்கூட நானாகக் கூட்டியதில்லை. லைட் மியூசிக்கில் அதற்குத்தான் மரியாதை.

அண்ணன் இதற்கு நேர் எதிர்.

அந்தக் காலத்தில் சினிமாப் பாட்டுக்கு நடுவில் படபடவென்று பேசுகிற துண்டு ஒன்று வர ஆரம்பித்திருந்தது. அதற்கு ராப் என்று பெயர் என்பதே எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அந்த இடம் வந்தால் எங்கள் ஆண் பாடகர்கள் மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொள்வார்கள். குழுவை நடத்திய மாஸ்டர் எங்கிருந்தோ அண்ணனைக் கூட்டிவந்தார். கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் இருந்த சந்தில் தையல் கடை வைத்திருந்தவரின் மகன். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, வார்த்தை ஒன்றுகூடப் புரியாமல், தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தமிழைப் போட்டு நிரப்பக் கற்றவர். தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு, இரண்டு பேர் நுழையக்கூடிய பேண்ட் ஒன்றில் வந்து நின்றார். பேண்ட்டைத் தைத்தது அவருடைய அத்தாதான். "யாரு தச்சான்னு கேட்டா எங்கடைப் பேரைச் சொல்லிப்புடாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுத்தாராம்.

முதல் ஒத்திகையில் ராப் துண்டு வந்தது. அண்ணன் பேசினார். மாடியே ஆடிப்போயிற்று. கீ போர்டுக்காரர் கை தட்டினார். மாஸ்டர், "ஏலம் விடுற மாதிரியில்ல இருக்கு. இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு, இன்னொருக்கச் சொல்லு" என்றார். அண்ணன் இன்னொரு முறை பேசினார். அதுவும் நன்றாக இருந்தது. ஆனால் அது வேறு. ஒரு வார்த்தை முதலில் சொன்னதில்லை. டிரம்ஸ்காரர் எங்கே அடியை நிறுத்துவது என்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

"எப்பா, மொதல்ல சொன்னதைச் சொல்லு."

"மொதல்ல சொன்னதை மொதல்லயே சொல்லிட்டேன்ல மாஸ்டர்."

திமிரில் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திமிர் இல்லை, அவரால் முடியாது என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. டீக்கடையில் டீ சொல்வதைக்கூட ஒருநாள் சொன்ன மாதிரி மறுநாள் சொல்ல மாட்டார். வாயிலிருந்து போன வார்த்தை அவரைப் பொறுத்தவரை போனதுதான். நேற்று என்ன பேசினீர்கள் அண்ணே என்று கேட்டால், வேறு யாரோ பேசியதைப் பற்றிக் கேட்கிறாற்போல முழிப்பார். கடைசியில் டிரம்ஸ்காரர்தான் வழிக்கு வந்தார். அண்ணன் வலது தோளைக் குலுக்கினால் முடிக்கப் போகிறார் என்று அர்த்தம் வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டினார்கள்.

ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது. மூஞ்சியைப் பார்த்து யாரும் திரும்ப மாட்டார்கள், ஒல்லியாக, சாதாரணமாக இருப்பார். வாயைத் திறந்தால் ஆட்டோ நின்றுவிடும். "அண்ணே, கச்சேரில பேசுவீகளே, நீங்களா?" என்று ஓட்டுநர் இறங்கி வருவார். உலர்ந்த இலையைக் கையில் வைத்து நொறுக்கினாற்போல ஒரு கரகரப்பு, அதற்கு அடியில் ஒரு சிரிப்பு. அந்தக் குரலைத் தவிர அவரிடம் சொத்து என்று ஒன்றும் கிடையாது. அது அவருக்கும் தெரியும். மார்கழியில் கழுத்தில் மப்ளர் இல்லாமல் வெளியே வர மாட்டார்.

விளாங்குடியில் ஒரு கல்யாணம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேற்கே நாலு தலைமுறையாக விவசாயம் பார்க்கிற குடும்பம். அழைப்பிதழில் பெண்ணின் தாய்மாமன் பெயரைச் சித்தப்பாக்களுக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மாமன் மண்டபத்துக்கு வந்தார், வாசலைத் தாண்டவில்லை. வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது. பெரியவர்கள் மூன்று பேர் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. பெண் மேடையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் இருந்தோம். அண்ணன் யாரையும் கேட்கவில்லை. நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்று ஆரம்பித்தார்.

"வேப்பமரத்து நெழல்ல வெள்ளை வேட்டி யாரு?
வெறச்சுக்கிட்டு நிக்கிறது பொண்ணோட மாமன் பாரு!
தூக்கி வளத்த புள்ள இங்க தலையக் குனிஞ்சிருக்கு,
தோளு குடுக்க மாமன் இல்லாம மேடை வெறிச்சிருக்கு!"

இப்படியே பதினாறு வரி. மாமன் சின்ன வயதில் அந்தப் பெண்ணைத் தோளில் வைத்துப் பொருட்காட்சி காட்டியதுவரை வந்துவிட்டது. சமையல்கட்டில் விசாரித்து வைத்திருந்தாராம். பத்தாவது வரியில் மாமன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பதினாறாவது வரியில் அண்ணன் வலது தோளைக் குலுக்க, டிரம்ஸ் விழ, மாமன் உள்ளே வந்தார்.

அடுத்த மாதமே அவர்களுடைய சொந்தத்தில் இன்னொரு கல்யாணம். எங்கள் குழுதான் வேண்டும் என்று வந்தார்கள். அங்கே மாமன் கோபித்துக்கொள்ளவே இல்லை, சந்தோஷமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த வீட்டில் பாடியது தங்கள் வீட்டிலும் பாடப்பட வேண்டும், இல்லையென்றால் அவமரியாதை. அண்ணன் வேறு ஒன்றைப் பாடினார். பெண்ணின் அப்பா மேடைக்கே ஏறிவிட்டார். "அங்க பாடுனதைத்தானய்யா பாடச் சொல்றோம். நாங்க என்ன அவங்களுக்குக் கொறைஞ்சவங்களா?" எனக்கு அந்தப் பதினாறு வரியும் மனப்பாடம். பக்கத்தில் போய், "அண்ணே, வேப்பமரத்து நெழல்ல" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"அது அந்த மாமனுக்கு அளவெடுத்துத் தச்சது தங்கச்சி. இவருக்கு மாட்டுனா தோளுல தொங்கும்."

தைக்கிறவர் மகன் பேச்சு அது. எனக்குக் கோபம் வந்தது. கேட்டதைக் கொடுப்பதுதானே நம் தொழில்? அன்றைக்கு வேனில் திரும்பும்போது அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அதோடு விட்டிருந்தால் சரி. அடுத்த கச்சேரியில், என்னை மேடைக்குக் கூப்பிடும்போது மைக்கில், "எங்க தங்கச்சி தொண்டைக்குள்ள ஒரு ஊசி இருக்கு, எடுத்து வச்சா ரெக்கார்டு ஓடும். கீறல் விழுந்தா மட்டும் சொல்லுங்க, தட்டி விடுவோம்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவர் அதைச் சொன்ன நிமிஷமே மறந்திருப்பார். என்னால் ஒன்றையும் மறக்க முடியாது என்பதுதான் எனக்கிருந்த வசதியும் வியாதியும்.

சொந்தமாகக் கேசட் ஒன்று போட்டார். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் நன்றாகவே விற்றது. அதிலுள்ள பாட்டைக் கச்சேரியில் கேட்டு இளவட்டங்கள் கத்துவார்கள். அண்ணன் மெட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றிவிடுவார். "கேசட்டுல வேறயாவுல இருக்கு!" என்று கூச்சல் வரும். "கேசட்டு போன வருசம் பேசுனது மாப்ள, நான் இன்னைக்குப் பேசுறேன்" என்பார். பாதிப்பேர் விசிலடிப்பார்கள், பாதிப்பேர் முனகுவார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகித் திருநகருக்குப் போய்விட்டேன். ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்தது. கச்சேரிக்கு எப்போதாவதுதான் போவேன். அந்தச் சமயத்தில்தான் மதுரையை வைத்துப் படம் எடுக்க வரிசையாகக் கிளம்பி வந்தார்கள். ஒரு இளம் இயக்குநர் ஏதோ திருவிழாவில் அண்ணனைப் பார்த்திருக்கிறார். வில்லனின் கூட்டாளி வேஷம். வைகை மணலில் கதாநாயகனை நிற்கவைத்து மிரட்டுகிற ஒரு பெரிய காட்சி. நாலு பக்க வசனம்.

படப்பிடிப்பு பாலத்துக்குக் கீழே, பகல் நேரம். கோரிப்பாளையமே திரண்டு வந்து கரையில் நின்றது. நானும் அண்ணியும் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். அண்ணன் நாலு பக்கத்தையும் கையில் வைத்துத் திணறுவதைப் பார்த்த இயக்குநர், "பேப்பரைத் தூக்கிப் போடுங்கண்ணே. உங்க வாய்க்கு வர்றதைப் பேசுங்க" என்றார். அண்ணனுக்கு வேறென்ன வேண்டும்? கதாநாயகனாக நடித்த பையனின் தோளில் கை போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசினார்.

"வைகையில தண்ணி வர்ற வரைக்கும் நீயும் மணலு, நானும் மணலுதான்டா மாப்ள. தண்ணி வரட்டும். அப்பத் தெரியும், எவன் நிக்கிறான், எவன் கரையுறான்னு."

இது நடுவில் வந்த ஒரு வரி. கேட்டுக்கொண்டிருந்த லைட் பாய்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அந்த ஐந்து நிமிஷம் அண்ணன் வாழ்க்கையிலேயே பெரிய ஐந்து நிமிஷம் என்று எனக்குத் தோன்றியது. இனி நம் ஊர்க் குரல் தமிழ்நாடு முழுக்கக் கேட்கப்போகிறது என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. படப்பிடிப்பில் பதிவாகிற சத்தம் வெறும் அடையாளத்துக்குத்தானாம். பிறகு ஸ்டுடியோவில் நின்று, திரையில் தன் வாய் அசைவதைப் பார்த்து, அதே வார்த்தைகளை அதே வேகத்தில் மறுபடி பேச வேண்டுமாம். டப்பிங். இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஒரு கேசட்டோடு திருநகர் வந்து நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"தங்கச்சி, நான் அன்னைக்கி என்ன பேசுனேன்னு எனக்குத் தெரியலை. பாலத்து மேல போன பஸ்ஸு ஆரன்ல பாதி அமுங்கிப் போச்சு. ஒனக்குத்தான் காது. கேட்டு எழுதிக் குடு."

இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். ஆரன் சத்தத்தில் அமுங்கிய இடங்களை அன்றைக்கு ஆற்றில் கேட்ட ஞாபகத்திலிருந்து நிரப்பினேன். ஒரு எழுத்து விடாமல் ஆறு பக்கம். அவர் வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "நல்லாருக்கே, யாரு எழுதுனது?" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

சென்னைக்கு அவரும் அண்ணியும் நானும் போனோம். எடுத்துக்கொடுக்க நான் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று அண்ணிதான் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர், அந்தப் பக்கம் மைக் முன்னால் அண்ணன், அவருக்கு எதிரே திரையில் இன்னொரு அண்ணன். திரை அண்ணன் வாயைத் திறந்ததும் மைக் அண்ணன் பேசினார். அருமையாகத்தான் பேசினார். ஆனால் பேச்சில் மணல் எல்லாம் சேறாகிவிட்டது.

"சார், சூப்பரா இருக்கு. ஆனா உதடு ஒட்டலை. பேப்பர்ல இருக்கறதையே சொல்லுங்க."

மறுபடி பேசினார். சேறு போய் நுங்கும் நுரையுமாக வெள்ளம் வந்தது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, மத்தியானம்வரை ஒரு வரி தேறவில்லை. அண்ணன் வியர்த்துக்கொண்டே, "அங்க நிக்கிறவன் அன்னைக்கி உள்ளவன் சார். எனக்கு இன்னைக்கி வேற கோவம்ல வருது" என்றார். இன்ஜினியருக்கு நல்ல மனசு, சிரித்துவிட்டார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இன்ஜினியர் ஒரு வாக்கியத்தை மூன்று மூன்று வார்த்தையாக வெட்டி ஓடவிட்டுப் பார்த்தார். அண்ணன் யோசிக்க இடமில்லாமல் நான் காதில் சொல்லச் சொல்ல அப்படியே சொன்னார். ஒட்டியது. இரண்டு இடத்தில் கச்சிதமாக ஒட்டியது. அதற்குள் வேறு வேலை வந்து இன்ஜினியர் எழுந்து போய்விட்டார், அவர் அதைக் கவனித்தாரா தெரியாது. நான் கவனித்தேன். இப்படியே துண்டு துண்டாகப் போனால் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

உதவி இயக்குநர் ஒருத்தர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "மேடம், நீங்க பத்து வருஷமா கூட இருந்தவங்க. உண்மையைச் சொல்லுங்க. நாளைக்கு வந்தா இவருக்கு வருமா? இல்லே, வேற ஆளை வச்சுப் பேச வச்சிரலாமா?"

"வராது சார். ஒரு தடவை சொன்னதைத் திருப்பிச் சொல்லவே அவருக்குத் தெரியாது" என்றேன்.

களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவந்த தவிப்பு என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஒரு சின்ன குளிர்ச்சி ஓடியது. பத்து வருஷமாக நான் செய்துவந்த வேலையை ஊசி என்று கேலி செய்தவருக்கு, அந்த வேலை எவ்வளவு பெரியது என்று இன்றைக்குத் தெரிந்திருக்கும் என்ற குளிர்ச்சி. போகும்போது உதவி இயக்குநர் ஆறு பக்கத்தையும் கேட்டார். மடித்துக் கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

படம் வந்த அன்று காலைக் காட்சிக்கு அண்ணன் தெருவே வந்திருந்தது. பசங்கள் மாலை வாங்கி வைத்திருந்தார்கள். அண்ணன் முகம் திரையில் வந்ததும் விசில் காதைப் பிளந்தது. பிறகு திரையில் அவர் வாயைத் திறந்தார். கனமான, வழவழப்பான, யாரோ ஒருத்தருடைய குரல் வந்தது. விசில் பாதியில் நின்றது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "அண்ணே, வாயி ஒங்களுது, தொண்டை யாரோடது?" என்று கத்தினான். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அண்ணனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. என் ஆறு பக்கமும் அப்படியே வந்தது. பாவி மனசு அதை ரசிக்கவும் செய்தது.

வெளியே வந்ததும் அண்ணன்தான் எல்லோருக்கும் டீ சொன்னார். "நல்லாத்தான் பேசியிருக்கான்ல அந்தாளு" என்றார். கொஞ்சம் கழித்து என்னிடம், "ஆமா தங்கச்சி, அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? எல்லா வார்த்தையும் கரெக்டா இருக்குதே?"

"தெரியலையேண்ணே" என்றேன்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. மணல் வசனம் ஆட்டோ முதுகில் ஏறியது. அண்ணனுக்கு வரிசையாக வாய்ப்பு வந்தது. எல்லாம் அதே மாதிரி வேஷம். எந்தப் படமானாலும் அந்த வழவழக் குரல்காரரையே கூப்பிட்டார்கள், அதுதான் அண்ணன் முகத்துக்குப் பொருந்துகிறதாம். டப்பிங்குக்கு இவரைக் கூப்பிடுவதே இல்லை. கச்சேரிகளும் குறைந்தன. மேடையேறி இவர் பேசினால், மிமிக்ரி செய்கிறார் என்று நினைத்து, சினிமாக் குரல் எப்போது வரும் என்று கூட்டம் காத்திருக்க ஆரம்பித்தது. முன்பு குரலைக் கேட்டு ஆட்டோ நின்றது. இப்போது முகத்தைப் பார்த்து நிற்கிறது, வாயைத் திறந்ததும், "அவர் மாதிரியே இருக்கீங்கண்ணே, கொரல் மட்டும் ஒத்து வரலை" என்று கிளம்பிவிடுகிறது. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி சொல்வார்.

சில வருஷம் கழித்து எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டேன். தலைமையாசிரியை கேட்டதற்காக மட்டும் இல்லை. எனக்கு அதைச் சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது. விழா தொடங்குவதற்கு முன் ஆபீஸ் ரூமில் அவருக்கு பிஸ்கட் தட்டை வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மூன்று வார்த்தையாக ஒட்டியது, வராந்தா, ஆறு பக்கம், அன்றைக்கு டீக்கடையில் சொன்ன பொய். ஊசியையும் சொன்னேன்.

அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். "ஊசின்னு சொன்னேனா? எப்ப?" என்றார். அப்புறம், "அட விடு தங்கச்சி. அந்தத் தொண்டைதான் எனக்கு இம்புட்டு நாளாச் சோறு போடுது. புள்ளை காலேஜு படிக்கிறான், ஒங்கண்ணி வாயத் தொறந்து கொறை சொல்லி வருசமாச்சு. நான் போயிப் பேசியிருந்தா, உதடு ஒட்டலேன்னு அந்த சீனையே வெட்டியிருப்பானுக. நீ நல்லதுதான் செஞ்ச" என்றார்.

எனக்கு எத்தனையோ வருஷம் சுமந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

மைதானத்தில் எண்ணூறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மைக்கைக் கையில் வாங்கினார். முன்னேற்பாடு ஒன்றும் கிடையாது. தலைமையாசிரியையின் கறுப்புக் குடை, பியூன் மணியடித்துவிட்டுக் கொட்டாவி விடுவது, மைதானத்துப் புழுதி, வெயிலில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் தாளத்தில் வந்து விழ ஆரம்பித்தன. அந்தக் கரகரப்பு, அடியில் அந்தச் சிரிப்பு. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் ஒரு இடத்தில்கூட மூச்சு தடுக்கவில்லை. நான் கேட்டதிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். டிரம்ஸ் இல்லாத அந்த மேடையில் அவர் வலது தோளைக் குலுக்கி முடித்தார்.

டீச்சர்கள் கை தட்டினோம். பிள்ளைகள் நாங்கள் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார்கள். அப்போது ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கெட்டிக்காரப் பெண், வகுப்பில் முதலாவதாக வருகிறவள். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சார், இது போதும் சார். ஒங்க சொந்தக் கொரல்ல பேசுங்க சார்."

மைதானம் முழுக்க "ஆமா சார், ஆமா சார்" என்றது.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு புது ஆள் ஒத்திகையில், ஆரம்பிக்கலாமா என்று மாஸ்டரைப் பார்க்கிற பார்வை அது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, கனமான வழவழப்பான குரலில், வைகையில தண்ணி வர்ற வரைக்கும் என்று தொடங்கினார்.

மைதானம் பிளந்தது. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று ஒன்ஸ் மோர் என்று கத்தினார்கள். அவர் மறுபடி சொன்னார். என் காது என்னைக் கேட்காமலே தன் வேலையைச் செய்தது. அதே மூச்சு, அதே நிறுத்தம், மாப்ள என்பதில் அதே இழுப்பு. எங்கே உட்கார்ந்து, எத்தனை நாள், மூன்று மூன்று வார்த்தையாக இதைப் பழகியிருப்பார்? என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர், "ஒங்கண்ணன் பேசுறதைப் பாத்து ஒங்களுக்குப் பெருமையா இருக்குல்ல?" என்று என் தோளைத் தட்டினார்.

பிள்ளைகள் மூன்றாவது தடவையும் கேட்டார்கள். சொன்னார்.